கோடிங் வகுப்புக்குப் பணம் கட்டும் முன்

சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: “வீட்டோடு நாலு விசைத்தறி ஓட்டுகிறோம். மகள் அரசுப் பள்ளியில் 9ஆம் வகுப்பு, பையன் 6ஆம் வகுப்பு. ஏஐ வந்தால் இருக்கிற வேலையெல்லாம் போய்விடும் என்கிறார்கள். கோடிங் வகுப்புக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து 36,000 ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா? பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவதை வைத்துக்கொண்டு இனிமேல் பிழைக்க முடியுமா?”

முதல் கேள்விக்கு ஒரே வரி: இப்போதைக்குக் கட்டாதீர்கள். இரண்டாவது கேள்வி ஒரு வரியில் அடங்காது. கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

நான் சேலத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். இப்போது வாரம் ஒருநாள் ஏற்காடு பஸ் ஏறி, மலையில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு இருந்துவிட்டு இறங்குகிறேன். பாடம் நடத்திய காலத்தில் கற்றதைவிட, மார்க் போட்டு அனுப்பிய பிள்ளைகள் வேலைக்குப் போய் நின்ற இடங்களில் நான் கற்றதுதான் அதிகம். அதில் ஒன்று இன்னும் உறுத்துகிறது.

பதினைந்து வருஷம் இருக்கும். வகுப்பில் முதல் மார்க் வாங்குகிற பையன் ஒருவனை, தெரிந்தவருடைய லேத் பட்டறைக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். முதலாளி பெரிதாக எதுவும் கேட்கவில்லை. மேஜையில் கிடந்த பித்தளைப் புஷ் ஒன்றையும் வெர்னியர் காலிப்பரையும் அவனிடம் நீட்டி, “இதோட வெளிவிட்டம் எவ்வளவு தம்பி?” என்றார். பையன் கருவியை வாங்கியதுமே “மீச்சிற்றளவு 0.01 சென்டிமீட்டர்” என்று கணீரென்று சொன்னான். கருவியால் அளக்க முடிகிற மிகச் சிறிய அளவு அது. சூத்திரமும் சொன்னான். பள்ளிக்கூட ஆய்வகத்து வெர்னியரில் நகரும் அளவுகோலில் 10 கோடு இருக்கும். அதற்கு அவன் சொன்னது சரி. பட்டறையில் இருந்ததில் 50 கோடு. அது 0.02 மில்லிமீட்டர் வரை காட்டும். அவன் கோட்டை எண்ணவே இல்லை. தாடை இரண்டையும் மூடி, சுழியும் சுழியும் நேராக நிற்கிறதா என்றும் பார்க்கவில்லை. அந்தக் கருவி கீழே விழுந்து அடிபட்டது, சுழிப்பிழை இருந்தது. அது முதலாளிக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்திருக்கிறார்.

திரும்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “சார், அவனுக்குத் தெரியாதது ஒண்ணும் தப்பில்லை. எண்ணிப் பார்க்கணும்னு தோணலை பாருங்க, அதுதான்.” எங்கள் ஆய்வகத்து வெர்னியரில் செய்முறைத் தேர்வு வைத்து அவனுக்கு இருபத்தைந்துக்கு இருபத்தைந்து போட்டவன் நான். பையன் மேல் எந்தப் பிழையும் இல்லை. ஒரே மாதிரிக் கருவியை, ஒரே மாதிரிக் கம்பியை, ஒரே மாதிரிப் பதிவேட்டில் எழுத வைத்தோம். வேறொரு கருவியை நீட்டினால் என்ன செய்வது என்பது எங்கள் பாடத்திலேயே இல்லை.

உங்கள் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் பாதி இந்தக் கதையில் இருக்கிறது. வேலை மாறுகிறது என்று எல்லோரும் சொல்வதன் அர்த்தம், பெரும்பாலும், கையில் இருக்கிற கருவி மாறுகிறது என்பதுதான். உலகப் பொருளாதார மன்றம் 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை ஒன்று இருக்கிறது. 55 நாடுகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நிறுவனங்களைக் கேட்டுத் தயாரித்தது. 2030க்குள் 9.2 கோடி வேலைகள் போகும், 17 கோடி புதிதாக வரும் என்று அதில் கணித்திருக்கிறார்கள். பத்திரிகைகள் முதல் எண்ணைத் தலைப்பில் போட்டன, கோடிங் வகுப்பு நடத்துகிறவர்கள் அதை நோட்டீஸில் போட்டார்கள். என் கண்ணுக்குப் பட்டது வேறொரு எண்: இன்று ஒரு வேலைக்குத் தேவைப்படும் முக்கியத் திறன்களில் 39 சதவீதம் 2030க்குள் மாறிவிடும் என்பது. அதாவது வேலையின் பெயர் அப்படியே இருக்கும், உள்ளே செய்வது மாறிவிடும். முதலாளிகள் கணிப்பதெல்லாம் அப்படியே நடந்துவிடாது. என்றாலும் திசை அதுதான் என்பதற்குச் சேலத்திலேயே சாட்சி உண்டு.

மெடிக்கல் கோடிங் எடுத்துக்கொள்ளுங்கள். பெயரில் கோடிங் இருக்கிறதே தவிர கம்ப்யூட்டர் மொழிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்க ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, எந்த நோய்க்கு எந்த எண் என்று போட்டுக் கொடுக்கிற வேலை. அந்த எண்ணை வைத்துத்தான் காப்பீட்டு நிறுவனம் பணம் தரும். உயிரியல், நர்சிங், பார்மசி படித்த பிள்ளைகள் சென்னை, பெங்களூரு போகாமல் சேலத்திலேயே இந்த வேலையில் இருக்கிறார்கள். 2015 அக்டோபர் 1ஆம் தேதி அமெரிக்கா பழைய குறியீட்டுப் புத்தகத்தை மூடிவிட்டுப் புதியதற்கு மாறியது. பழையதில் நோய்களுக்குச் சுமார் 14,000 எண்கள், புதியதில் 70,000க்குப் பக்கம். கை முறிந்தால் வலதா இடதா, முதல்முறை வந்திருக்கிறாரா, மறுபரிசோதனைக்கு வந்திருக்கிறாரா என்பதெல்லாம் எண்ணுக்குள் வந்துவிட்டது. எண்ணை மனப்பாடம் செய்து வேகமாகப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒரே நாளில் புதுசாக நின்றார்கள். டாக்டர் எழுதியதைப் படித்துப் புரிந்து போட்டவர்களுக்குப் புத்தகம்தான் மாறியது. இப்போது முதல் வரைவை மென்பொருளே போட்டுத் தருகிற காலம் வந்துகொண்டிருக்கிறது. அது எங்கே பிசகியிருக்கிறது என்று பார்க்கிறவருக்குத்தான் இனி வேலை. அதற்கும் அதே படிப்புதான் வேண்டும்.

ஆகவே நான் முதலில் வைப்பது வாசிப்பு. சாதாரண வாசிப்பு. முன்பின் பார்க்காத ஒரு பக்கத்தைத் தமிழில் கொடுத்தால், யாரும் விளக்காமல் படித்து, அதில் சொன்னபடி ஒரு காரியம் செய்ய முடிகிறதா? இதைக் கேட்டால் ஆசிரியர்களே சிரிக்கிறார்கள், “ஒன்பதாவது பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாதா சார்?” என்று. பீசா என்று உலக அளவில் 15 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு தேர்வு நடத்துகிறார்கள். 2009ஆம் ஆண்டுச் சுற்றில் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டன. 74 இடங்களில் நமக்கு வந்தது கடைசி மூன்றுக்குள். வாசிப்பில் அடிப்படை நிலையைத் தொட்டவர்கள் நம் பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர். அந்தத் தேர்வில் பாடப்புத்தகக் கேள்வியே வராது. ஒரு அறிவிப்புப் பலகை, ஒரு மருந்துச் சீட்டு, ஒரு பஸ் அட்டவணை மாதிரி ஏதாவது வரும், அதைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். புத்தகத்துக்குப் பின்னால் உள்ள கேள்விக்குப் புத்தகத்திலேயே கோடு போட்டு வைத்த விடையை எழுதிப் பழகியவர்களுக்கு அது வேறு உலகம். கேள்வித்தாள் நம் ஊருக்குப் பொருந்தாது என்று அப்போது பேசினார்கள். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் என் பட்டறைக் கதையில் கேள்வித்தாளே கிடையாதே.

2018க்குப் பிறகு வந்த நம் பாடநூல்கள் பழையவற்றைவிட எவ்வளவோ மேல். யோசிக்க வைக்கிற கேள்விகள் இருக்கின்றன. வகுப்பில் அந்தப் பக்கத்தைத் தாண்டிவிட்டுப் போகிறார்கள், அவ்வளவுதான்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? உங்களிடம் தறி இருக்கிறது, தறிக்கு மின் இணைப்பு இருக்கிறது. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் வரை இலவசம், 2023க்கு முன்னால் 750. அதற்கு மேல் போனால் படிப்படியாகக் கட்டணம். அடுத்த பில் வரும்போது மகளிடம் கட்டண அட்டவணையையும் மீட்டர் ரீடிங்கையும் மட்டும் கொடுத்து, தொகையைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பில்லைக் காட்டாதீர்கள். அவள் போட்டதும் வந்ததும் ஒன்றாக இருக்காது, முதல் தடவை யாருக்கும் வராது. நிலைக்கட்டணமோ வரியோ விட்டுப்போயிருக்கும், அல்லது படிநிலையைத் தப்பாகப் பிடித்திருப்பாள். எங்கே விட்டேன் என்று அவளே தேடுகிற அந்த அரைமணி நேரம் இருக்கிறதே, அதைத்தான் வெளியே காசு வாங்கிக்கொண்டு வேறு பெயரில் விற்கிறார்கள். இரண்டு வேளைத் திட்டு விழுந்தாலும் பரவாயில்லை, விடையை மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

அப்புறம் கோடிங். பரணிலோ தறிக் கொட்டகை மூலையிலோ பழைய ஜக்கார்டு அட்டைக் கட்டு, அதாவது துணியில் டிசைன் வரவைக்கத் தறியில் ஏற்றும் ஓட்டை அட்டைகள், ஒன்றாவது கிடக்கும். அதை எடுத்துத் தூசி தட்டுங்கள். நான் ஒரு கட்டை ஏற்காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். தறியையே பார்த்திராத பிள்ளைகள் அவர்கள். கட்டம் போட்ட தாளில் ஒரு மாங்காய்ப் புட்டா வரைந்து கட்டங்களுக்கு நிறம் அடிக்கச் சொன்னேன். நிறம் அடித்த கட்டம் என்றால் அட்டையில் ஓட்டை, வெற்றுக் கட்டம் என்றால் ஓட்டை இல்லை. ஓட்டை இருந்தால் ஊசி உள்ளே போகும், கொக்கி மேலே தூக்கும், நீளவாக்கில் ஓடும் அந்தப் பாவு நூல் எழும்பும். இல்லையென்றால் நூல் கீழேயே இருக்கும். குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒன்றுக்கு ஒரு அட்டை. இப்படி நூற்றுக்கணக்கான அட்டையைக் கயிற்றில் கோத்துச் சுற்றவிட்டால் புட்டா வந்துவிடும். பிரான்சில் ஜக்கார்ட் இதைச் செய்து காட்டியது 1804 வாக்கில். அதைப் பார்த்துத்தான் இங்கிலாந்துக் கணித அறிஞர் பாபேஜ் தன் கணிப்பொறிக்கு ஓட்டை அட்டையை யோசித்தார். உண்டு, இல்லை என்ற இரண்டே பதிலை வைத்து ஒரு படத்தையே சொல்லிவிட முடியும் என்பதுதான் கம்ப்யூட்டருக்கும் அடிப்படை.

அதோடு விடவில்லை. வரிசையில் ஒரு அட்டையில் மட்டும் ஒரு ஓட்டையைக் காகிதம் ஒட்டி அடைத்துவிட்டு, “இதைத் தறியில் ஏற்றினால் சேலையில் என்ன ஆகும்?” என்று கேட்டேன். ஒரு இடத்தில் நூல் பிசகும் என்றார்கள் எல்லோரும். பின் வரிசையில் ஒரு பையன் மட்டும், “ஒரு இடம் இல்ல சார், ஒவ்வொரு மாங்காயிலும் அதே இடத்துல பிசகும்” என்றான். அட்டை திரும்பத் திரும்பச் சுற்றுகிறது என்பதை அவன் பிடித்துவிட்டான். நிரல் எழுதுகிறவர்கள் முதல் வருஷம் படிப்பதே இதைத்தான். செலவு, நாலு கட்டத்தாளும் ஒரு துண்டு பசைக் காகிதமும். இப்போது இளம்பிள்ளைப் பக்கம் எலெக்ட்ரானிக் ஜக்கார்டு வந்துவிட்டது. அட்டையே கிடையாது, கம்ப்யூட்டரில் வரைந்த டிசைன் நேராகத் தறிக்குப் போகிறது. அட்டை அடித்துப் பிழைத்தவர்களின் வேலை போனது உண்மை. கட்டத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் சிலர் டிசைன் போடுகிறவர்களாக மாறினதும் உண்மை.

இங்கே ஒரு விஷயத்தைப் பேசாமல் போக முடியாது. “தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குத் தறியை வைத்தே பாடமா?” என்று உங்களுக்குச் சுருக்கென்று இருந்தால், அது சரியான கோபம். சேலம் நகராட்சிக்கு 1917இல் தலைவராக இருந்த ராஜாஜி, பின்னாளில் சென்னை மாநில முதல்வராக இருந்தபோது 1953இல் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு திட்டம் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்குப் பள்ளி அரை நாள், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்றது திட்டம். குலக்கல்வி என்று பெயர் வைத்துப் பெரியாரும் திராவிட இயக்கமும் எதிர்த்தார்கள். 1954இல் ராஜாஜி பதவியை விட்டார், அடுத்து வந்த காமராஜர் திட்டத்தையே கைவிட்டார். தமிழ்நாட்டில் பள்ளியில் தொழில்கல்வி என்று யார் வாயைத் திறந்தாலும் இந்த நினைவு குறுக்கே நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. நிற்கவும் வேண்டும். வெள்ளிப் பட்டறைக்காரர் மகன் கொலுசுக்குப் பற்றவைக்கவும், தோட்டத்துக்காரர் மகள் காபி பறிக்கவும் பள்ளிக்கூடம் தேவையில்லை.

அதனால்தான் அட்டையை நான் மலைக்குத் தூக்கிக்கொண்டு போனது. உங்கள் மகளுக்கு நான் கொடுக்க நினைப்பது மரவள்ளிக் கிழங்கு. ஆத்தூர்ப் பக்கத்து விவசாயி சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்குக் கிழங்கு கொண்டுபோனால் எடைக்கு மட்டும் விலை இல்லை, பாயிண்ட்டுக்கு விலை. பாயிண்ட் என்பது கிழங்கில் எவ்வளவு மாவுச்சத்து என்பதன் அளவு. மாவு தண்ணீரைவிடக் கனம், ஆகவே கிழங்கைக் காற்றில் ஒரு தடவையும் தண்ணீருக்குள் முக்கி ஒரு தடவையும் எடை போட்டு மாவுச்சத்தை மதிப்பிடலாம். ஆர்க்கிமிடீஸ் தத்துவம் என்று 9ஆம் வகுப்பு அறிவியலில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வருகிறதே, அதேதான். பாயிண்ட் குறைத்துப் போட்டார்கள் என்று வருஷா வருஷம் சண்டை நடக்கிற ஊரில், அந்தத் தத்துவத்தைத் தராசில் செய்து பார்க்காமலே பிள்ளைகள் பாஸ் ஆகிறார்கள். அடுத்த வீட்டுத் தொழிலை வைத்துப் பாடம் நடத்தினால் அது அறிவியல். சொந்த வீட்டுத் தொழிலிலேயே கட்டிப்போட்டால்தான் அது 1953.

உலக வேலைச் சந்தை என்றால் ஏதோ கண்ணாடிக் கட்டடம் என்று நினைக்கிறோம். ஏற்காட்டில் அது காபித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்தடிக்கே வந்துவிட்டது. இந்தியாவில் விளையும் காபியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏற்றுமதி. இத்தாலியும் ஜெர்மனியும் பெரிய வாடிக்கையாளர்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஒரு சட்டம் போட்டது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்தில் விளைந்த காபி, கோகோ, ரப்பர் முதலான ஏழு வகைப் பொருள்களை அங்கே விற்க முடியாது. எந்த நிலத்தில் விளைந்தது என்று அட்சரேகை, தீர்க்கரேகையோடு காட்ட வேண்டும், அதுவும் தசமப்புள்ளிக்குப் பிறகு ஆறு இலக்கம். நாலு ஹெக்டேருக்கு மேல் உள்ள தோட்டம் என்றால் எல்லையைச் சுற்றி வரைந்து கொடுக்க வேண்டும். சட்டம் அமலுக்கு வருவது இரண்டு தடவை தள்ளிப்போனது. தள்ளிப்போனாலும் காபி வாங்குகிறவர்கள் விவரம் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

இதை அந்தப் பிள்ளைகளிடம் சொன்னபோது ஆறு இலக்கம் எதற்கு என்றார்கள். 11.78 என்று இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் இப்படி அப்படி ஆகலாம், அடுத்த ஊருக்கே போய்விடும். ஆறு இலக்கம் என்றால் ஒரு சாண் கூட இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்துக் கண்ணை விரித்தார்கள். பிறகு என் போனை வாங்கிக்கொண்டு பள்ளி மைதானத்தைச் சுற்றி நடந்து எல்லை எடுத்தார்கள். மைதானத்தின் ஒரு மூலையில் மரங்கள் அடர்த்தி. அங்கே மட்டும் புள்ளி தாவித் தாவி, ஒரு தடவை தலைமையாசிரியர் அறைக்குள்ளேயே போய்விட்டது. மலையாளிப் பழங்குடிச் சமூகத்துப் பெண் ஒருத்தி, எட்டாவது படிக்கிறவள், மூன்று தடவை அதே மூலையில் நின்று மூன்று எண்ணையும் எழுதிக்கொண்டு வந்தாள். “ஆறு இலக்கம் காட்டுதே தவிர கடைசி ரெண்டும் சும்மா சார், நிக்கிற இடத்துலயே மாறுது” என்றாள். கருவி காட்டுகிற இலக்கத்துக்கும் கருவியின் துல்லியத்துக்கும் வித்தியாசம் உண்டு என்பதை நான் பாலிடெக்னிக்கில் ஒரு பாடவேளை முழுக்கக் கத்தியும் புரியவைக்க முடிந்ததில்லை. பட்டறையில் என் மாணவன் எண்ணாமல் விட்ட கோட்டை இவள் எண்ணிவிட்டாள். அவள் அப்பாவுக்கு இரண்டு ஏக்கருக்கும் குறைவான காபி. நாளைக்கு அந்த மலையில் தோட்டம் தோட்டமாகப் போய் எல்லை எடுத்துக் கொடுக்க ஆள் தேடுவார்கள். அப்போது அந்த வேலைக்கு வெளியூரிலிருந்து ஆள் வரவேண்டுமா, அவள் போதுமா என்பது இப்போதே முடிவாகிக்கொண்டிருக்கிறது.

ஏஐ விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் அதைத் தொடாமல் இருக்கமாட்டார்கள், தடுக்கவும் வேண்டாம். அதே பள்ளியில் ஒரு பையன், கழுவிய காபியை எத்தனை நாள் காயவைக்க வேண்டும் என்று போனில் கேட்டான். நல்ல தமிழில், கொஞ்சமும் தயங்காமல் ஒரு பதில் வந்தது. அதைத் தோட்டத்தில் வேலை செய்யும் அவன் பாட்டியிடம் வாசித்துக் காட்டினானாம். “கார்த்திகை மூட்டத்துல அதெல்லாம் ஆகாது, பல்லுல கடிச்சுப் பாரு” என்றாளாம் பாட்டி. போன் சொன்னது பளிச்சென்று வெயில் அடிக்கிற ஊருக்கு. பையனிடம் நான் கேட்டது: பதில் தப்பா, நீ கேட்ட கேள்வி அரைகுறையா? ஊர், மாதம், மூட்டம் எல்லாம் சேர்த்துத் திரும்பக் கேட்டான், பதில் மாறியது. அதையும் பாட்டியிடம் சரிபார்த்தான். ஏஐ பாடம் என்று தனியாக எதுவும் வேண்டாம், இது போதும் இந்த வயசுக்கு. கட்டுரையை அதை வைத்து எழுதிவிட்டு மார்க் வாங்குவதை மட்டும் வீட்டில் விடாதீர்கள். எழுதும்போதுதான் நமக்கு எது விளங்கவில்லை என்று நமக்கே தெரியும். அந்த இடத்தைப் போன் நிரப்பிவிட்டால் ஓட்டை அப்படியே இருக்கும்.

மொழி பற்றிச் சுருக்கமாக. ஆங்கிலத்தில் படிப்பதும் கேட்டதற்குப் பதில் சொல்வதும் கட்டாயம் வேண்டும், ஸ்டைலாகப் பேசுவது வேண்டியதில்லை. தமிழில் ஒரு பத்தியை ஒழுங்காக எழுதத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலம் வந்துவிடுகிறது, தலைகீழாக நான் பார்த்ததில்லை. மூன்றாவதாக ஒரு மொழி வேலைக்கு உதவும், ஆனால் அது பிளஸ் டூவுக்குப் பிறகு. ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்கு பி2 அளவு, அதாவது இடைநிலைக்கு மேற்பட்ட ஜெர்மன் கேட்கிறார்கள். ஜப்பான் 2019இல் தொடங்கிய திறன் தொழிலாளர் விசாவுக்கு அடிப்படை ஜப்பானிய மொழித் தேர்வு உண்டு. படிப்போடு மொழியும் சேர்ந்தால்தான் அங்கே கதவு திறக்கும்.

இனி உங்கள் மகளுக்கு நடைமுறைக் கணக்கு. இரண்டு வருஷத்தில் 11ஆம் வகுப்புக் குரூப் எடுக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் “பதினொன்றாவதுக்குத் தனியார் பள்ளியில் போடுங்கள்” என்பார்கள். போடாதீர்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் மருத்துவம், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அதில் பொறியியல் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் அரசே கட்டுகிறது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. ஐடிஐ, டிப்ளமோ சேர்ந்தாலும் அது கிடைக்கும். நடுவில் ஒரு வருஷம் பள்ளி மாறினால் அந்தக் கதவுகள் சாத்திக்கொள்ளும். இது தெரியாமல் கடன் வாங்கி மாற்றிவிட்டுப் பிறகு வருத்தப்பட்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

கணக்கு அவளுக்குக் கசக்கவில்லை என்றால் கணிதம் உள்ள குரூப் எடுக்கட்டும், அதிலிருந்து எங்கும் போகலாம். தொழிற்பிரிவு மட்டம் என்று நான் சொல்லமாட்டேன், பொறியியலில் அவர்களுக்குத் தனி இடங்களும் உண்டு. ஆனால் அந்த இடங்கள் குறைவு என்று தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும். மார்க் குறைந்ததால் தள்ளிவிடுகிற இடமாக அதைப் பள்ளிகள் வைத்திருப்பதுதான் எனக்குப் பிடிக்காதது. பத்தாவது முடித்ததும் பாலிடெக்னிக் போனால் மூன்று வருஷ டிப்ளமோ, அதிலிருந்து நேரே பொறியியல் இரண்டாம் ஆண்டு. ஐடிஐ முடித்தாலும் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேர வழி இருக்கிறது. நம் சேலத்திலேயே 1960 முதல் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. துணி சாயம், டிசைன், பரிசோதனை எல்லாம் அங்கே டிப்ளமோ பாடம். அம்மாபேட்டைக்காரர்கள் பலருக்கு அது எங்கே இருக்கிறது என்றே தெரியாது! அவளுக்குப் பிடித்தால் மட்டும். தறி வீட்டுப் பெண் என்பதற்காக அல்ல.

பையனுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. எட்டாவதில் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு என்று ஒன்று நடக்கும். தேறினால் 9 முதல் 12 வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. பணத்தைவிட அதில் உள்ள மனத்திறன் தாள் எனக்குப் பிடிக்கும். மனப்பாடம் அங்கே செல்லாது.

பள்ளியிலும் ஒரு தடவை போய்க் கேளுங்கள். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகம் அமைத்திருக்கிறார்கள். உங்கள் மகள் வாரத்தில் எத்தனை நிமிடம் அங்கே தானே கீபோர்டைத் தொடுகிறாள் என்று அவளையே கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ன படிக்கலாம், எங்கே படிக்கலாம் என்று வழிகாட்டும் வகுப்புகள் உண்டு. நல்ல ஆசிரியர் கையில் அது நன்றாக நடக்கிறது, சில இடத்தில் வீடியோவை ஓடவிட்டுவிட்டு வருகைப்பதிவு எடுக்கிறார்கள். பெற்றோர் கேட்கிற பள்ளியில் வீடியோ மட்டும் ஓடுவது குறைகிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் உங்களைப் போன்ற பெற்றோர்தான் பெரும்பான்மை, அங்கே இதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஹோம்வொர்க் பற்றியும் டாய்லெட் பற்றியும் மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். டாய்லெட்டும் முக்கியம்தான், அதையும் கேளுங்கள்.

36,000 ரூபாயை என்ன செய்வது என்று கேட்பீர்கள். மகள் பத்தாவது முடிக்கிற விடுமுறையில் ஒரு நல்ல பழைய லேப்டாப் வாங்கிக் கொடுங்கள், பாதிப் பணத்துக்குள் வந்துவிடும். தட்டச்சு வகுப்பில் லோயர் முடிக்கச் சொல்லுங்கள். தட்டச்சு மெஷின் போனாலும் கீபோர்டு போகவில்லை, பத்து விரலும் பழகியவர்களுக்கு இன்றைக்கும் தனி மரியாதை. பையனுக்கு ஒரு வெர்னியர் காலிப்பர், ஒரு சின்ன டிஜிட்டல் தராசு. இரண்டும் சேர்ந்து ஆயிரத்தைந்நூறுக்குள் முடியும். கோடிங் கற்க வேண்டும் என்று அவர்களே ஆசைப்பட்டால் தமிழிலேயே இலவசப் பாடங்கள் கிடைக்கின்றன, மூன்று மாதம் விடாமல் பார்த்தார்கள் என்றால் அப்போது பணம் கட்டலாமா என்று யோசிக்கலாம்.

அதற்கு முன் அந்த அட்டைக் கட்டு. இந்த ஞாயிற்றுக்கிழமை தறி நிற்கும்போது எடுத்துக் கொடுத்து, எந்த அட்டையில் எந்த ஊடை, புட்டா எங்கே தொடங்குகிறது என்று இரண்டு பேரையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கட்டு எலி கடித்துப் போயிருந்தால் சொல்லி அனுப்புங்கள், என்னிடம் இன்னொன்று இருக்கிறது.